இரண்டு முறை பால் காய்ச்சிய வீடு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“எங்க புது வூட்டுல ரெண்டு தடவ பால் காய்ச்சியாச்சுக்கா.”

அதற்குமேல் என் கையிலிருந்த பேப்பரில் கண் ஓடவில்லை.

“அதென்னடி ரெண்டு தடவ?”

“மொத நாங்க காய்ச்சுனோம். அடுத்த மாசம் வாடகைக்கு வந்தவங்க காய்ச்சுனாங்க.”

“வாடகைக்கா வுட்டுட்டீங்க? புள்ளைங்க பெரிசாயிடுச்சு, எடம் பத்தலன்னுதான கட்டுனீங்க?”

“அவரு ஓட்டுற சிமெண்ட் லாரிக்கு லோடு கொறைஞ்சுபோச்சு. பேங்கு லோனுக்கு மாசாமாசம் டியூ கட்டணும்ல. அந்த வாடகை வந்தாத்தான் கட்ட முடியுது. நாங்க அஞ்சு பேரும் பழையபடி அந்த ஒத்த ரூமுலதான் கெடக்குறோம்.”

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் இளையவள் தொடர்ந்தாள்.

“எங்க பெரிய பொண்ணு, இது என் ரூமுன்னு செவுத்துல ஸ்கெட்சால பேரு எழுதி வச்சிருந்தா. அத அழிச்சுத் தாங்கன்னு குடியிருக்கவங்க போன் பண்ணாங்க. இவரு பெயிண்ட் டப்பாவத் தூக்கிட்டுப் போனாரு. அவளும் கூடவே போனா.”

“அழுதாளா?”

“இல்லக்கா. லோனு எப்பப்பா முடியும்னு கேட்டிருக்கா. பதினஞ்சு வருசம் ஆகும்னாராம். ‘அப்ப நான் கல்யாணம் ஆகிப் போயிருப்பேனே’ன்னாளாம்.”

“அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

“எழுத்து இன்னும் தெரியுதுன்னு இன்னொரு கோட்டு பெயிண்ட் அடிச்சாராம்.”