ஒன்பது செவ்வாய்க்கிழமை

ஞாயிறு பூசை முடிந்து ஸ்ட்ரெதமில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள்.

"அக்கா, சுவிஸில உங்கட மகன்ர கஞ்சா ட்ரையல் என்ன மாதிரிப் போகுது?" இளையவர் கிசுகிசுத்தார்.

"நல்லாப் போகுது. இன்னும் ஒரு வருசம் இருக்கு." மூத்தவரின் குரல் டிரைவருக்கே கேட்டிருக்கும்.

"ஒரு வருசமோ! லோயர் கெட்டிக்காரனோ?"

"என்னத்துக்கு லோயர்?"

"கோர்ட்டுக்கு..."

"விசரே உனக்கு? அது வழக்கில்லையடி, அரசாங்கம் செய்து பாக்கிற பரிசோதனை. ஏற்கெனவே கஞ்சா குடிக்கிற ஆக்களைத்தான் சேர்ப்பினம். சோதிச்ச கஞ்சாவைப் பார்மசியில விப்பினம். எவ்வளவு குடிச்சது, நித்திரை எப்பிடி எண்டு அவன் மாசாமாசம் எழுதிக் குடுக்கிறான். முந்தி ரோட்டில ஆரிட்டயோ வாங்கினவன். இப்பதான் எனக்கு நிம்மதி."

இளையவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"பிள்ளை ஜெயிலுக்குப் போகக்கூடாதெண்டு ஒன்பது செவ்வாய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான், அக்கா."

மூத்தவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அவன் இப்ப அரைவாசியாக் குறைச்சிட்டானடி."

இளையவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தச் செவ்வாயில இருந்து?"