மழைக்கு விடற பதினஞ்சு கிராம்

பரவால்ல சார், நிக்கறேன். இருபத்திரெண்டு வருசமா தராசு முன்னாடி நின்ன காலு, நாற்காலில ஒக்காந்தாத்தான் மரத்துப் போவும். காப்பியா? வேணாம் சார். மேனேஜர் ரூமு காப்பி எனக்கு இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் வருது. அங்கயே இருக்கட்டும்.

பேரு தணிகாசலம். எடை குமாஸ்தா. சாட்சி சொல்லக் கூப்பிட்டு இருக்கீங்க, தெரியும். கம்பெனி கேட்டுல மாட்டின போர்டுல மேனேஜர் சம்பளத்த எழுதினது நெசவுக்காரன் பழனிதானா, அதானே கேள்வி? நெசவுக்காரங்க எல்லார் கையெழுத்தும் எனக்குத்தான் தெரியும்னு என்னை இட்டாந்து நிறுத்திட்டாங்க. போர்டையே கழட்டிக்கினு வந்து செவுத்துல சாத்தி வச்சிருக்கீங்க. பழனி வெளிய வேப்பமரத்தாண்ட நிக்கறான். பொஞ்சாதி கைக்கொழந்தையோட வந்துக்கிது. இன்னியோட அவனுக்கு வேலை போவுதுன்னு அதுக்கும் தெரியும்.

சொல்றேன் சார். கேட்டதுக்கு ஒண்டி பதில் சொல்லுன்னா எப்பிடி? மெட்ராஸ்லேர்ந்து வந்த வக்கீலு நீங்க. அந்தப் போர்டு எதுக்கு வந்துச்சின்னு தெரியாம, எழுதினது யாருன்னு மட்டும் எழுதிக்கினு போயிட்டா அது விசாரணையா?

பட்டு தண்ணி குடிக்கும் சார். சிரிக்காதீங்க. ஐப்பசி மழையில நூலு எடுத்துக் குடுத்தா, காத்துல இருக்கற ஈரத்தெல்லாம் இழுத்து வச்சிக்கினு கனமா இருக்கும். அதையே நெய்து பங்குனி வெயில்ல சேலையா கொண்டாந்து போட்டா, காஞ்சிபோயி எடை கொறையும். பதினஞ்சு கிராம், இருபது கிராம். எவனும் திருடல, வெயில் கொண்டுபோனது. இந்த ஊர்ல பாவு நூலைத் தொட்டவங்க எல்லாருக்கும் இது தெரியும். அதனால பதினஞ்சு கிராம் தள்ளிட்டுத்தான் எடை போடுவோம். மழைக்கு விடறதுன்னு பேரு. எந்த ரூல் புக்குலயும் கெடையாது. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து நடந்துக்கினு இருந்துச்சி. அறுநூறு தறி சார் இந்தக் கம்பெனிக்கு, ஒருத்தன் ஒரு பேச்சு பேசினதில்ல.

எழுபத்தொண்ணுல வந்தாரு மேனேஜரு உமாபதி. பம்பாய் மில்லுலேர்ந்து மொதலாளிங்க தேடிப் புடிச்சிக்கினு வந்தாங்க. கார் ஒண்ணு, ரயிலடியாண்ட பங்களா ஒண்ணு. இருந்துட்டுப் போவட்டும், பெரிய படிப்பு. எனக்கு அதுல வயித்தெரிச்சல் கெடையாது. மூணாம் மாசம் தராசு ரூமுக்கு வந்து, இன்னாய்யா இது பதினஞ்சு கிராம்னு கேட்டாரு. மழைக்கு விடறது சார்னேன். மழை வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கினு போச்சான்னாரு. கூட வந்தவனுங்கல்லாம் சிரிச்சானுங்க. எம்மூஞ்சில அடிச்சாப்பல இருந்துச்சி.

அன்னியோட நின்னுபோச்சி. கொறையற எடைக்குக் கூலியில புடிப்பு. அதோட வுட்டாரா? கேட்டுல கறுப்பு போர்டு மாட்டினாரு. பேரு, குடுத்த எடை, வந்த எடை, கொறவு. ரோட்டுல போறவன் வர்றவன்லாம் படிக்கறாப்பல. வருசக் கடைசி வரைக்கும் ஒரு பேரையும் அழிக்கக்கூடாதுன்னு ஆர்டர். திருடன்னு எழுதலதான். படிக்கறவனுக்கு வேற என்னா தோணும், சொல்லுங்க?

நெசவுக்காரன் என்னா பண்ணுவான்? சேலைய கம்பெனிக்குக் கொண்டார்றதுக்கு முன்னாடி தண்ணிப்பானை மேல வச்சி ஈரம் ஏத்த ஆரம்பிச்சானுங்க. பட்டுக்கு ஆவாத காரியம்னு தெரிஞ்சே பண்ணானுங்க. போர்டுல பேர் வரக்கூடாது, அவ்ளோதான். கரையோட அரக்குச் சாயம் சேலை ஒடம்புல எறங்கி, ஜரிகை கறுத்து, நாப்பது சேலை கடையிலேர்ந்து திரும்பி வந்துச்சி. எல்லாம் முகூர்த்தச் சேலை. என் சர்வீஸ்ல பாத்ததில்ல சார், வெக்கமா இருந்துச்சி. முன்னெல்லாம் சேலைய மடிச்சி, ஒரு தடவு தடவிட்டுத்தான் தட்டுல வைப்பானுங்க. இப்ப தூக்கிப் போட்டுட்டு திரும்பிப் பாக்காம போறானுங்க. வேலையில எவனுக்கும் மனசே இல்ல.

அந்த லட்சணத்துக்குத்தான் மேனேஜருக்கு சம்பளம் ஒசத்தினது. போன வாரம். எனக்கு எப்பிடித் தெரியும்னா? ரிஜிஸ்டர் தபாலுக்கு ஸ்டாம்பு எவ்வளவு ஒட்டணும்னு கவரை என் தராசுக்குத்தான் அனுப்புவாங்க. ஒட்டாத கவரு. பிரிச்சிப் படிச்சேன். தப்புதான், எழுதிக்குங்க. மாசம் ரெண்டாயிரத்து எட்டுநூறு. எனக்கு நூத்தி நாப்பது. அதுக்கும் நான் கோவப்படல. கீழ இன்னொரு வரி இருந்துச்சி. எடைக் கொறவுன்னு நெசவுக்காரங்ககிட்ட புடிக்கற பணத்துல நூத்துக்குப் பத்து மேனேஜருக்கு, எப்பவும் போல.

வெளங்குதா சார்? வானத்துலேர்ந்து வுழுந்த ஈரத்துக்குக் கமிஷன் வாங்கிக்கினு இருந்திருக்கான் அந்தாளு! அவரு இவருன்னு இனிமே வாய் வராது. அதையும் எழுதிக்குங்க.

இருங்க, முடிச்சிடறேன். அந்தப் போர்டுல தெனம் எழுதறது யாருன்னு நீங்க கேக்கவே இல்லியே? நான்தான். எழுத்து முத்துமுத்தா இருக்குதுன்னு சாக்பீஸ எங்கையில குடுத்தாங்க. பங்குனியில என் தம்பி கலியன் சேலை கொண்டாந்தான். பதினெட்டு கிராம் கொறவு. தராசப் பாக்கல சார் அவன், என்னையே பாத்தான். பின்னால மேனேஜர் நிக்கறான். எழுதினேன்.

நாலாம் நாளு கலியன் பொண்ணு தேவகியப் பாக்க திருப்புட்குழிலேர்ந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்தாங்க. பஸ் எறங்கி இந்த கேட்டத் தாண்டித்தானே வரணும்? படிச்சிட்டாங்க. வூட்டுக்கு வந்து தண்ணி ஒண்டி குடிச்சிட்டு, பொண்ண வெளிய கூப்பிடச் சொல்லாமயே எழுந்து போயிட்டாங்க. வாங்கி வச்ச பூவு அப்பிடியே கெடந்துச்சி. அந்தப் பொண்ணு கட்டின பொடவைய மாத்திக்கினு தறிக்குழியில எறங்கி ஒக்காந்துடுச்சி, ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல. இப்ப ஆனி. என் கூடப் பொறந்தவன், தெருவுல என்னைக் கண்டா எதிர் வாடைக்குப் போயிடறான்.

பழனியா? மேனேஜரப் புடிச்சி கத்தினான், வாஸ்தவம். எலெக்சனுக்குச் செவுத்துல எழுதறவன், அதுவும் வாஸ்தவம். அந்தப் போர்ட வெளிச்சத்துப் பக்கமா திருப்புங்க. மேல பாருங்க, மேனேஜர் பேருக்கு முந்தின வரி, ஐநூத்தி எண்பது கிராம். அந்த எட்டு எப்பிடி இருக்குது? தலையில ஒரு சின்னக் கொக்கி. எங்க வாத்தியார் அடிச்சும் போவாத கொக்கி அது. இப்ப கீழ பாருங்க. மேனேஜர் உமாபதி, ரெண்டாயிரத்து எட்டுநூறு. அந்த எட்டு? ஆங். ரெண்டும் ஒரே போர்டுலதான் இருக்குது, பக்கத்துல வச்சிப் பாக்கணும்னு இங்க ஒருத்தருக்கும் தோணல. தணிகாசலம் எங்க செய்யப்போறான்னு நெனச்சிட்டாங்க.

பழனியப் போவச் சொல்லுங்க சார், அந்தக் கொழந்த வெயில்ல கெடக்குது.

அத்த எழுதணும்னு நான் போவல. விடிகாலையில கலியன் பேர அழிக்கணும்னுதான் ஈரத்துணி எடுத்துக்கினு போனேன். அழிச்சேன். ஒரு வரி எடம் காலியா இருந்துச்சி.