பிரெஞ்சுக்காரப் பயலும் என் வேனும்

...இல்ல தம்பி, நியாயத்த நீங்களே சொல்லுங்க. பதினாலு வருஷம் இந்த ஊர்ல வேன் ஓட்டுனவன் நான். கார்மேகம்னு ரோலா பஜார்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாய்ங்க. என்னையப் போயி லைசென்ஸப் புடுங்கிட்டு, துபாய்ல கிளாஸ்ல ஒக்காந்து ரோட்டு விதி படின்னா... அதுக்குத்தான் இந்த பஸ்ஸு. நீங்க துபாய்ல எங்க, கராமாவா? நல்லதாப் போச்சு, ஒண்ணாவே போகலாம்.

எல்லாம் ஒரு பிரெஞ்சுக்காரப் பயலால வந்த வெனை. பேரு தெயோ, பதினாறு வயசு. ரேஸ் கார் ஓட்டுறவன். ஹோட்டல்லருந்து ரேஸ் டிராக்குக்கு அவனக் கொண்டுபோயி, திருப்பிக் கூட்டியாரணும், அதான் எனக்கு டூட்டி. ஏன்னா ரோட்டுல ஓட்ட அவனுக்கு லைசென்ஸ் இல்ல. வயசு பத்தாதாம். டிராக்குல எரநூத்திச் சொச்சத்துல பறப்பான், டிராக்குக்குப் போயிச் சேர கார்மேகம் வேணும். என்ன கூத்து பாருங்க.

ஏழு வயசுல குட்டி கார்ட்டு வண்டியில ஆரம்பிச்சானாம். இப்ப ஃபார்முலா ஃபோரு. ஒத்த ஆளு ஒக்கார்ற வண்டி. குளிர்காலத்துல அவய்ங்க ஊர்ல பனி, அதனால இங்க வந்து ஓட்டுறாய்ங்க. இதுல நல்லா ஓட்டுனா த்ரீ, அப்புறம் டூ, கடைசியா ஒண்ணு. நம்மூர்ல நாலாங்கிளாஸு பாஸானா அஞ்சு, இங்க நாலு பாஸானா மூணு. நானும் ரெண்டு நாளா, பய ஃபெயிலாகி ஃபெயிலாகிப் போறான்னுல்ல பாவப்பட்டேன்.

மொத நாளு வேன்ல கண்ண மூடிக்கிட்டு ரெண்டு கையையும் இப்புடி இப்புடி ஆட்டுறான். காலு வேற உதறுது. நான் வலிப்புன்னு நெனச்சு, ஓரமா நிப்பாட்டி, சாவிக்கொத்த அவன் கையில திணிச்சு அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன். பய முழிக்கிறான். மனசுக்குள்ளயே டிராக்க ஓட்டிப் பாக்குறானாம்.

அன்னையிலருந்து சிநேகமாயிட்டோம். அவனுக்கும் இங்கிலீஷ் அர, எனக்கும் அர. டேஷ்போர்டுல வெரல வச்சு வரைஞ்சு காமிச்சான். வளைவு வந்தா வெளியருந்து வா, உள்ள ஒட்டு, மறுபடி வெளிய போ. பிரேக்கக் கடைசி நேரத்துல அமுக்கு. இதக் கேட்ட மனுசன் சும்மா இருப்பானா? பாக்குற ரவுண்டானா பூரா எனக்கு ரேஸ் டிராக்காத் தெரியுது.

பயலுக்கு நேரஞ் சரியில்ல. ரெண்டு ரேஸ்ல யாரோ வந்து இடிச்சுட்டாய்ங்க. ஃபார்முலா த்ரீ டீம்காரன் வந்து, கடைசி ரேஸ்ல மொத ஆறு பேருக்குள்ள வா, எங்க வண்டிய ஓட்டிப் பாக்கத் தாரேன், இல்லாட்டி ஊருக்குப் போயிருன்னுட்டான். அவங்கப்பாரு அங்க பேக்கரி வச்சுருக்காரு. மகன் ஓட்டுற நாளெல்லாம் ரொட்டியக் கருக்கிருவாராம்.

கடைசி நாளு காலையில பய ஹெல்மெட் பைய மடியில கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கான். டிராக்குக்கு முன்னால ஒரு பெரிய ரவுண்டானா. அதுல வேன் சறுக்கி, கட்டுக்கல்லு மேல ஏறி, முனிசிபாலிட்டி வச்ச பூச்செடிக்கு நடுவுல போயி நின்னுருச்சு. தண்ணிக் குழாயி ஒடஞ்சு எங்க மேல பீச்சுது. ஆளுக்கு ஒரு கீறல் இல்ல. பய ஹெல்மெட் பையத் தூக்கிக்கிட்டு நனைஞ்சபடி ஓடுறான். நம்ம ஃபவாஸ், லாண்டரி வண்டி ஓட்டுறவன், அந்தப் பக்கமா வந்து ஏத்திக்கிட்டான். போயிச் சேர்றதுக்குள்ள, யாரு எந்த எடத்துலருந்து கெளம்பணும்னு முடிவு பண்ற ஓட்டம் முடிஞ்சுபோச்சு. இருவத்திரண்டு கார்ல இவனுக்குக் கடைசி எடம்.

ரேஸ் ஆரம்பிக்கிறப்பயும் நான் போலீஸ்காரரோட பூச்செடிக்குள்ளதான் நிக்கிறேன். தூரத்துல கார் சத்தம். ஃபவாஸ் வேலி ஓரமா நின்னு போன்ல சொல்றான், "பதினாறு... பதினொண்ணு... எட்டு..." கடைசியில அஞ்சாவதா வந்துட்டான். நான் போலீஸ்காரரக் கட்டிப்புடிச்சுட்டேன். அதையும் அவரு தனியா எழுதிக்கிட்டாரு.

எப்புடித் தம்பி பயமில்லாம அம்புட்டுப் பேரத் தாண்டி வந்தன்னு மைக்க நீட்டிக் கேட்டுருக்காய்ங்க. "காலையில கார்மேகம் வேன்ல வந்தேன், அதுக்கு மேல என்ன பயம்"னுட்டான். எம்பேரு டிவியில வந்துச்சு. எங்க ஓனரும் பாத்தாரு, கலாஸ், முடிஞ்சுபோச்சு, இனி வேலைக்கு வராதன்னுட்டாரு. அவன் மூணுக்குப் போயிட்டான், நான் கிளாஸுக்குப் போறேன்.

என்ன, ரோட்டுல அப்புடி ஓட்டாதன்னு அவன் சொல்லலையான்னு கேக்குறீங்களா? சொன்னான். மொத நாளே சொன்னான், இது டிராக்குக்கு மட்டும்னு. அன்னைக்கும் பின்னாடியிருந்து "எக்ஸிட், எக்ஸிட்"னு கத்துனான். எனக்குக் கேட்டுச்சு, நாந்தான் கேக்கல. கேமராவப் பாத்துட்டு போலீஸ்காரரும் அதத்தான் கேட்டாரு. மொத சுத்துலயே ஒழுங்கா வெளிய போயிருக்கலாமே, எதுக்கு மூணு சுத்து சுத்துனன்னு.

எனக்குப் பொய் சொல்ல வராது தம்பி. மொத ரெண்டு சுத்தும் எனக்குத் திருப்தியா இல்ல சார்னுட்டேன்.