அழித்தால்தான் திறக்குமாம்

"அழிச்சாத்தான் பாக்க முடியுமாமுங்க டீச்சர்."

மலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த வளப்பூர்க்கார அம்மா சொன்னார். மடியில் துண்டில் சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க். பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை.

"என்னதுங்க அது?"

"புள்ள கல்யாண வீடியோவுங்க. ஊட்டுக்காரரு ஆடுனதுகூட இதுல மட்டுந்தான் இருக்குது. இனி ஆடச் சொன்னா ஆடுவாரா? பஞ்சாயத்து ஆபீஸ் சாரு அவரு கம்ப்யூட்டர்ல போட்டாரு. தெறக்கல. அழிக்கட்டுமான்னு அது கேக்குதாம்."

"அழிச்சா அப்புறம் பாக்கறதுக்கு என்னங்க இருக்கும்?"

"நானும் அதையேதான் கேட்டேனுங்க. 'காலி டிஸ்க்கு நல்லாத் தெறக்கும்மா'ங்கறாரு."

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வீடியோ எடுத்த ஸ்டுடியோவுல இருக்கறது வேற வகைக் கம்ப்யூட்டருங்க. அது எழுதுனதை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான். ரெண்டுலயும் தெறக்கற மாதிரி மாத்தித் தரச் சொல்லுங்க."

"அங்கதான் போறேனுங்க. சாரு அழிக்கற பட்டனை அமுக்கப் போனாரு, நான் ஒயரப் புடுங்கிட்டேன்."

"நல்ல வேலை செஞ்சீங்க. அவரு என்ன சொன்னாரு?"

"கோவமா வந்துருச்சுங்க அவருக்கு. 'இப்படிப் படக்குன்னு புடுங்குனா உள்ள இருக்கறது அழிஞ்சுபோயிராதா?'ன்னு என்னையத் திட்டறாரு."