தீவில் டபுள்ஸ் கிடையாது

காலை மின்சார ரயிலில், பட்டாபிராமில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயது இருக்கும். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தீவுல டபுள்ஸ் கெடையாதாம் வசந்தா," என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

"இன்னா டபுள்ஸு?"

"என் பொண்ணு நம்ம ரெண்டு பேருக்கும் தீவு டூர் புக் பண்ணிக்கீறா இல்ல? ஒரே நாள்ல கயாக் படகு, நீச்சல், சைக்கிள். ஆளுக்கு ஒரு சைக்கிள்தானாம்."

"அப்ப நீ போயிட்டு வா. எனக்குதான் ஓட்டத் தெரியாதே."

"நீ இல்லாம நான் எதுக்குடி?"

"ஸ்கூல் படிக்கும்போது வாடகை சைக்கிள் எடுப்போமே, ஒரு நாளாவது எங்கிட்ட குடுத்தியா? நீ ஓட்டுவே. நான் ரெண்டு பையையும் மடியில வச்சிக்கினு கேரியர்ல குந்தியிருப்பேன்."

"உழுந்துடுவியோன்னு பயம்டி. அந்தப் பச்சை சைக்கிள்ல பெல்லே கெடையாது. பின்னாடி குந்திக்கினு நீதான் வாயால மணியடிப்பே."

வசந்தா சிரிக்கவில்லை. ரயில் அம்பத்தூரில் நின்றது. பிறகு முதலாமவர் செல்போனை நீட்டினார்.

"படகுல ரெண்டு பேர் குந்தலாமாம். பின்னாடி இருக்கிறவங்கதான் அதைத் திருப்பணுமாம்."

வசந்தா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சைக்கிளைத் தள்ளிக்கினு வர்றேன். படகுல நான்தான் பின்னாடி."

"சரிடி."

"நீ ரெண்டு பையையும் மடியில வச்சிக்கினு முன்னாடி குந்து."