நைஸ் தூள், கொரகொரப்புத் தூள்

மதுரை,
12.8.1987

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அப்துல் அலீம் ஐயா அவர்களுக்கு,

ஆய்வகத்துப் புட்டிகளைத் துடைத்துச் சீட்டு ஒட்டி வைப்பது பதினான்கு வருடமாக என் வேலை. ஒரு சீட்டுகூடக் கோணலாக இருந்ததில்லை என்று 1983 தணிக்கையின்போது தாங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

சென்ற வருடம் ஆராய்ச்சி மாணவி அன்னக்கொடி, பேட்டரிக்கான லித்தியம்-கோபால்ட் தூளை இரண்டு விதமாக அரைத்தார். கொரகொரப்பாக இருந்தால் மின்தடை ஏறுகிறது, நைஸாக இருந்தால் இறங்குகிறது என்றார். ஏன் என்று தாங்கள் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சிம்மக்கல் டவுன் பஸ் மாதிரிங்கய்யா. லித்தியம் பூராவும் துகளோட வாசல்லயே நெருக்கிக்கிட்டு நிக்குது. உள்ள அம்புட்டும் காலி. சின்னத் துகள்னா சட்டுனு பரவிரும். பெருசுல, நம்ம காசிமாயண்ணே மாதிரி ரெண்டு பேரு படியிலயே நின்னுக்கிட்டா மத்தவுக எப்புடிங்கய்யா ஏறுறது?”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தாங்களும். நானும் சிரித்தேன், சிரிக்காமலிருப்பது மரியாதையல்ல.

வெளித்தேர்வாளர் வந்த அன்று காலை, இரண்டு புட்டிகளின் சீட்டுகளையும் மாற்றி ஒட்டினேன். நேராகத்தான் ஒட்டினேன். புட்டிக்குள் இரண்டும் ஒரே கறுப்பு. அவர் முன்னால் மறுபடி அளந்தபோது அளவுகள் தலைகீழாக வந்தன. பொய் அளவு எழுதியவள் என்று பேச்சானது.

“அண்ணே, நான் அளந்தது நெசந்தாண்ணே,” என்று என்னிடம்தான் வந்து அழுதார்.

“தெரியும்மா,” என்றேன். அது பொய்யில்லை.

அவருக்கு அலுவலகக் கடிதம் எழுத வராது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று சொல்லி, அளவுகளை இட்டுக்கட்டியதாக ஒப்புக்கொள்ளும் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று பத்தி, அடித்தல் திருத்தல் கிடையாது. கையெழுத்து மட்டும் அவருடையது. அதை வைத்தே அவரை நீக்கினீர்கள்.

இப்போது பழங்காநத்தத்தில் ஓர் அப்பளக் கம்பெனியில் உளுந்து மாவு சலிக்கிறார். சிபாரிசுக் கடிதமும் நான் எழுதியதுதான். நன்றாகவே சலிக்கிறார்.

போன வாரம் வந்த வெளிநாட்டு ஆய்விதழில் அதே முடிவு அச்சாகியிருப்பதைப் பார்த்து, முந்திக் கிடைத்ததைக் கோட்டை விட்டோமே என்று தாங்கள் வருந்தினீர்கள். வருந்த வேண்டாம். பழைய சீட்டுகளோடு இரண்டு புட்டிகளையும் பூட்டி வைத்திருக்கிறேன். அவர் அளந்தது சரி என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி நான்தான்.

ஆகவே கட்டுரை வெளியிடும்போது அன்னக்கொடியின் பெயரையும் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அகர வரிசை மட்டும் வேண்டாம். பணிமூப்புப்படி காசிமாயன் முதலில் வருவதே முறை.