வளைவில் பிரேக்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வளைவில் டிரைவர் பிரேக் போட்டதில் எல்லாரும் முன்சீட்டில் முட்டிக்கொண்டோம். பஸ்ஸே அவரைத் திட்டியது, நானும்தான். எனக்கு முன்னால் இருந்தவர் மட்டும், "புண்ணியவான், பிரேக் போட்டாரு" என்றார்.

அவருடைய பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, மண்ட ஒடஞ்சிருக்கும், பாராட்டிகினு கீற?"

"எம் பெரிய புள்ள பைக் ரேஸ் ஓட்னவன்பா. நாந்தான் பழக்குனேன். வளைவுல பிரேக்க தொட்டா வூட்டுக்கு வராதடான்னு சொல்லிட்டேன்."

"தொட்டானா?"

"தொடல. ஆனாலும் வூட்டுக்கு வரல."

சிரித்தவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "சின்னவன்?" என்றார்.

"அவனுக்கு இன்னிக்கு ரேஸு. அங்கதான் போய்கினு கீறேன். பிரேக் போடுடான்னு காலைல கெஞ்சுனேன். அண்ணன் போட்டானா நைனான்னு கேட்டுட்டு கெளம்பிட்டான்."